மரங்கொத்தி மறைத்த நாலு கடிதங்கள்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. பசித்தால் யாரையாவது அடித்துத் தின்னும், அத்தோடு விட்டுவிடும். மற்ற பிராணிகளும் ஏதோ நிம்மதியாகத்தான் இருந்தன. வயதாகிப் பல் ஆடத் தொடங்கியதும் சிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. யாருக்கு யார் என்ன வேலை செய்து கொடுத்தாலும் சேவை வரி என்று போட்டுவிட்டது. முதுகு சொறிந்துவிட்டால் வரி, பேன் பார்த்துவிட்டால் வரி. வசூலிக்க ஓர் அலுவலகம், அலுவலகத்துக்குக் கண்காணிப்பாளராக ஒரு கோட்டான். பகலெல்லாம் தூங்குகிற பிராணியைக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை உட்காரவைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

சட்டத்தில் ஒரே ஒரு நல்லது இருந்தது. பாக்கியைக் கேட்பதென்றால் முப்பது மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். தாண்டினால் கோட்டான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வருமானத்தை மறைத்தவர்களிடம் மட்டும் ஐந்து வருடம் வரை கேட்கலாம்.

அந்தக் காட்டில் கொண்டையம்மா என்று ஒரு மரங்கொத்தி. மரத்தைக் குடைந்து பொந்து போட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஒரு கோடையில் நாற்பது கிளிகளுக்குப் பொந்து போட்டுக் கொடுத்துக் கூலியாகப் பழம் வாங்கினாள். பொந்து போடுவதும் சேவையில் சேருமா, இதற்கு வரி உண்டா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் பேசாமல் இருந்து தொலைக்க வேண்டியதுதானே? இவள் தேக்கிலையில் விவரமாகக் கடிதம் எழுதி, எத்தனை பொந்து, எத்தனை பழம் என்று கணக்கும் சேர்த்து அலுவலகத்தில் கொடுத்தாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். மொத்தம் நாலு கடிதம். தபால் பிரிவு அணில் நாலுக்கும் பல் பதித்து ரசீது கொடுத்தது. எழுதியாயிற்று, இனி அவர்கள் பாடு என்று அவளும் நிம்மதியாகிவிட்டாள்.

நாலு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. ‘வருமானத்தை மறைத்திருக்கிறாய். வரி, வட்டி, அபராதம் சேர்த்து நாலாயிரம் அத்திப்பழம் கட்டு. இல்லையென்றால் நீ குடியிருக்கும் இலுப்பை மரத்துக்குச் சீல்.’ அந்த மரத்துப் பொந்தில் அவள் அந்த வாரம்தான் மூன்று முட்டை இட்டிருந்தாள். பதறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பறந்தாள்.

“ஐயா, நாலு வருஷமாச்சு. முப்பது மாசம் எப்பவோ தாண்டிருச்சே?”

கோட்டான் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. “மறைச்சவங்களுக்கு அஞ்சு வருஷம்மா.”

“நான் எங்கய்யா மறைச்சேன்? நாலு கடிதாசி கொடுத்தேன். இதோ ரசீது.”

“ஃபைல்ல ஒண்ணையும் காணோமே” என்று கோட்டான் அணிலைக் கூப்பிட்டது.

கையில் கிடைத்ததை எங்கேயாவது ஒளித்துவைப்பதும், எங்கே ஒளித்தோம் என்று மறந்துபோவதும் அணிலுக்குப் பிறவிக்குணம். அதைத்தான் தேடிப்பிடித்துத் தபால் பிரிவில் போட்டிருந்தார்கள்.

“வாங்கினேன் சார். பத்திரமா ஒளிச்சு வச்சேன். எங்கேன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.”

கோட்டானின் இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது. “கேட்டியாம்மா? ஒளிச்சு வச்சிருக்கு. அப்ப மறைப்பு நடந்திருக்கு.”

“மறைச்சது உங்க ஆளுய்யா!”

“சட்டத்துக்கு மறைப்புதான் முக்கியம். யார் மறைச்சா, எவன் மறைச்சான்னு பார்த்துக்கிட்டிருந்தா ஆபீஸ் நடத்த முடியுமா?”

கொண்டையம்மாவுக்கு வயிறு எரிந்தது. சொல்கிற எனக்கே எரிகிறது.

அந்த நேரம் பார்த்துப் பெத்தபெருமாள் என்ற பெருச்சாளி உள்ளே வந்தது. அது வளை தோண்டும் கான்ட்ராக்டர். பாதிக் காட்டுக்கு வளை தோண்டி, ஒற்றைப் பழத்தைக்கூடக் கணக்கில் காட்டாமல் மண்ணுக்குள் புதைத்துவிட்டு, தானும் கூடவே புதைந்து கிடந்த ஆசாமி.

“சார், ஆறு வருஷத்துக்கு முன்னாடி பத்தாயிரம் பழம் மறைச்சேன். புது டெண்டர் ஒண்ணு வருது. பாக்கி இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் கொடுத்தீங்கன்னா போதும்.”

கோட்டான் நகத்தை மடக்கி எண்ணியது. “ஆறா? அஞ்சுதான் தாண்டிருச்சே! உங்களைக் கேட்க எனக்கு அதிகாரமே இல்லீங்களே. உட்காருங்க, டீ சாப்பிடுறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே சர்டிபிகேட்டில் முத்திரை குத்தியது.

மத்தியானமே இலுப்பை மரத்துப் பொந்தின் வாயில் களிமண் அப்பிச் சீல் வைத்தார்கள்.

“முட்டையை மட்டுமாவது எடுத்துக்கிறேன்யா” என்று கொண்டையம்மா அழுதாள்.

“மரத்துல இருக்கிறது மரத்தோடதான். கட்டிட்டு எடுத்துக்க. இல்லேன்னா ராஜாகிட்ட அப்பீல் போ” என்றது கோட்டான். அப்பீலுக்கு முதலில் ஆயிரம் பழம் கட்ட வேண்டும். ராஜாவுக்குக் காதும் கேட்காது.

முட்டை ஆறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கொண்டையம்மா யாருக்கும் கடிதம் எழுதவில்லை. மரத்தின் பின்பக்கம் போய், அலகு வலிக்க வலிக்கக் கொத்தினாள். பொழுது சாய்வதற்குள் பின்வழியாக உள்ளே நுழைந்து முட்டைகள் மேல் படுத்துவிட்டாள். மூன்றும் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

திங்கட்கிழமைதோறும் கோட்டான் வந்து முன்பக்கத்தைப் பார்த்து, ‘சீல் பத்திரமாக உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனது. ஒரு திங்கட்கிழமை பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் கத்து கத்தென்று கத்தின. சத்தம் கேட்டால் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. கோட்டான் கொட்டாவி விட்டுக் கிளம்பியது.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் கொண்டையம்மா அவற்றைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரைக் காட்டுக்குப் போனாள். அங்கேயும் சேவை வரி, அங்கேயும் அதே முப்பது மாதம், அதே ஐந்து வருடம். முதல் வாரமே பதினெட்டு மைனாக்களுக்குப் பொந்து போடும் வேலை கிடைத்தது. கூலிப் பழத்தைப் பார்த்த மூத்த மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா பிள்ளை அல்லவா?

“அம்மா, இதுக்கு வரி உண்டான்னு ஆபீசுக்கு ஒரு கடிதாசி போட்டுக் கேட்டுடலாமா?”

“வாயை மூடிக்கிட்டு அந்தப் பழத்தையெல்லாம் இலை போட்டு மூடு” என்றாள் கொண்டையம்மா. “ஆறு வருஷம் போகட்டும். நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு, டீயும் குடிச்சிட்டு வரேன்.”

நீதி, எதையும் மறைக்காமல் சொல்வதென்றால்: உண்மையைச் சொல்லத் தயங்காதீர்கள், ஆறாவது வருடம் சொல்லுங்கள்.