கசகசா தூவிய மீன்

ஏப்ரல் 4, வெள்ளி.

திருத்தம்: நேற்றைய பக்கத்தில் என்னிடம் கைவிலங்கு இரண்டு இருப்பதாக எழுதியிருந்தேன். ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை அப்பா தோட்டக் கதவுக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறார்.

கிளீவ்லாந்தில் சட்டத்துக்கு எங்கள் ஸாலர் குடும்பத்தைவிடப் பெரிய துணை கிடையாது. பிணையில் வெளிவந்து வாய்தாவுக்கு வராமல் நழுவியவர்களைப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். அதற்கான மாலை வகுப்பில் தினமும் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முறையாகத்தான் செய்கிறேனா என்ற சந்தேகம் இருப்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

தேடப்படுபவர் ரூடி கோஷிர். பீர் லாரியைக் கேட்காமல் எடுத்துப்போய், நின்றிருந்த போலீஸ் கார்மேல் ஏற்றியவர். யுஸ்தினா அத்தைக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக 'நிச்சயிக்கப்பட்ட' மாப்பிள்ளையும் அவரே. அத்தை தன் வீட்டை ஈடு வைத்துப் பிணை வாங்கிக் கொடுத்தாள். அவர் மறைந்துவிட்டார். இன்று மாலை ஐந்துக்குள் அவரை நீதிமன்றத்தில் ஒப்படைக்காவிட்டால் வீடு போய்விடும்.

காலையில் அத்தையைப் போய்ப் பார்த்தேன். அவமானத்தில் அவள் ஐந்து வாரமாக வாசல் தாண்டவில்லை.

"எங்க பட்டினி கிடக்கிறாரோ" என்றாள். "உங்கம்மாதான் வெள்ளிக்கு வெள்ளி கோயில் மீன் கொண்டாந்து கொடுக்கிறா. ரூடி பண்ற மாதிரியே இருக்குடி. மேல கசகசாகூட இருக்கு. சாப்பிடும்போதெல்லாம் அழுகை வருது."

நான் குறிப்பேட்டை மூடினேன். மீன் மாவில் கசகசா போடுகிறவர் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான். துப்பு துலங்கிவிட்டது.

மூன்றரைக்குத் தேவாலயக் கூடத்தில் இருந்தேன். தவக்காலத்து வெள்ளி; இறைச்சியை விலக்கி ஊரே கோயிலில் வறுத்த மீன் சாப்பிடும் நாள். வரிசை வாகன நிறுத்தம்வரை வளைந்திருந்தது. வாசலில் அப்பா எண் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இருநூத்திப் பதினாலு."

"நான் சாப்பிட வரலப்பா. வேலையா வந்திருக்கேன்."

"எல்லாரும் வேலையை விட்டுட்டுத்தான் வந்திருக்காங்க. வரிசையில நில்லு."

"உள்ள வறுக்கிறது யாரு?"

"வறுக்கிறவர்."

இங்கே என் நடத்தையைப் பதிவு செய்ய வேண்டும். கையில் பிடியாணை இருந்தது. இடுப்பில் விலங்கு இருந்தது. சமையலறை இருபதடி தூரம். ஆனாலும் எங்கள் கோயிலில் மீன் வரிசையை மீறிப் போனவர்கள் இதுவரை இல்லை. 1987இல் முயன்ற ஒருவரின் குடும்பத்தை இன்றும் 'அந்தக் குடும்பம்' என்றுதான் சொல்கிறோம். நான் சீட்டை வாங்கிக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்கு அம்மா முட்டைக்கோஸ் சாலட் தட்டோடு வந்தாள். குரலைத் தாழ்த்தினேன்.

"உனக்கு முதல்லேருந்தே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீதான் துப்பறியிறவளாச்சே, உனக்குத் தெரியலையா?"

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ பிடிச்சிட்டுப் போயிடுவியே! போன வருஷம் அவர் இல்லாம பாதிரியாரே வறுத்தாரு. மறந்துட்டியா அந்த மீனை? தவக்காலம் முடியட்டும்டி. ஈஸ்டருக்கு மறுநாள் நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஒப்படைக்கிறேன்."

"அத்தை வீடு அஞ்சு மணிக்குப் போயிடும்மா!"

"இன்னிக்கு அஞ்சுக்கா?" அம்மா வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்குத்தானேடி கூட்டமே."

எனக்கு முன்னால் நின்ற திருமதி ப்ரெகார் திரும்பினார். "கண்ணு, உனக்கு அவசரம்னா சொல்லு. நாங்க யோசிச்சுப் பார்க்கிறோம்."

அவர்கள் யோசித்தார்கள். இருநூற்றுப் பதின்மூன்று அப்படியே என் முன்னால் நின்றது.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சமையலறையின் பரிமாறும் ஜன்னலை அடைந்தேன். ரூடி மாமா ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வாம்மா மோய்ட்சா! எத்தனை துண்டு?"

"மாமா, உங்களைக் கைது பண்ண வந்திருக்கேன்."

"பண்ணிக்கோம்மா. நான் ஓடவா போறேன்? எண்ணெயில கிடக்கிறதை எடுத்துட்டு வந்துடறேன். பாதியில விட்டா எண்ணெய் குடிச்சிடும்."

இது தொழில்நுட்பக் காரணம் என்பதால் ஏற்றுக்கொண்டேன். காத்திருந்தபோது இரண்டு துண்டு வைத்தார். மொறுமொறுப்பாக, உள்ளே வெண்மையாக, தவறு சொல்ல முடியாதபடி இருந்தது. சாப்பிட்டேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு அவரை ஒப்படைத்தேன். அதிகாரி கடிகாரத்தைக் காட்டினார். பிறகு ரூடி மாமா கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடியே, வீடு போனதற்கான தாளில் முத்திரை வைத்தார்.

அத்தையிடம் சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். "அங்க எத்தனை பேரு இருந்தீங்க?"

நானூறு பேர் என்றேன். நான் முறைப்படி எண்ணியிருந்தேன்.

ஐந்து வாரமாக நானூறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று இங்கே பெருமையாக எழுதினேன். அடித்துவிட்டேன். எல்லா வாயும் திறந்துதான் இருந்தது. வீட்டைத் தின்று முடித்த கடைசி வாய் என்னுடையது.

நாளை: காலை எட்டு மணிக்கு அத்தை வீட்டுச் சாமான்களைக் கட்ட வேண்டும். அட்டைப் பெட்டிகள் தேவை. கூடத்தின் பின்புறம் மீன் வந்த பெட்டிகள் முப்பது காலியாகக் கிடக்கின்றன என்று அம்மா சொன்னாள்.