கற்பூரத்தில் மருந்தில்லாத குற்றம்

போலி மாத்திரைகளை நாட்டைவிட்டே விரட்டுவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. செய்கிறவர்களைப் பிடிக்கலாம் என்றால் அவர்கள் அகப்படவில்லை. அகப்பட்ட ஒன்றிரண்டு பேரும் பெரிய மனிதர்களாக இருந்து தொலைத்தார்கள். ஆகவே கருவியைப் பிடிப்பது என்று தீர்மானித்தார்கள். கருவி ஓடாது, வக்கீலும் வைக்காது. 'தூளை அமுக்கி வில்லையாக்கும் யாதொன்றும் கருவியே' என்று சுற்றறிக்கை புறப்பட்டது.

அது அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தபோது, பாளையம்பட்டியில் கஸ்தூரி கற்பூரம் அமுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை இழுத்தால் ஒரு வில்லை விழும், அவ்வளவு சின்ன மிஷின். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்து வியாபாரத்தை நம்பித்தான் அவள் வீட்டில் வருஷம் பூராவும் அடுப்பு எரிந்தது. வாசலில் ஜீப் வந்து நின்று, கருவிகள் கண்காணிப்புப் பிரிவு அதிகாரி ராஜகுரு இறங்கினார்.

"மாத்திரை மிஷினா?"

"கற்பூரம் சார்."

"வெள்ளையா இருக்கு. வட்டமா இருக்கு."

"மோந்து பாருங்க சார். தெருவே மணக்குதுல்ல!"

"மோந்து பாக்க எனக்கு அதிகாரம் கிடையாதும்மா. அது லேபுக்குத்தான்."

மிஷின் ஜீப்பில் ஏறியது. ராஜகுரு நல்ல மனிதர்தான், சொன்னால் பாவம். கற்பூர நெடியில் தலை வலித்தும் முறைப்படி ரசீது எழுதிக் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கி, தெளிவாகக் கிளம்பிப் போனார்.

ஆய்வு அறிக்கை வந்தது. 'மேற்படி வில்லைகளில் மருந்து எதுவும் இல்லை.' கஸ்தூரிக்குப் போன உயிர் வந்தது.

"அப்ப மிஷினைக் குடுத்துருங்க சார்."

"எப்படிம்மா குடுக்க? மருந்தில்லாத மாத்திரைக்குப் பேருதானே போலி!"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கிற மளிகைக்கடை மதார் சாகிபு வேறு கையைப் பிசைந்தார். "பரளச்சியிலருந்தெல்லாம் கற்பூரம் கேட்டு வாராக. நான் என்னத்த எடுத்துக் குடுக்க? நாளை மறுநாளுக்குள்ள நீ தரலைன்னா மதுரைச் சரக்கை எறக்கிருவேன். பெறகு அந்த மதுரைக்காரவுகளை விட்டு வரவும் முடியாது. வருத்தப்படாத தாயி."

இதற்கிடையே அலுவலகத்தில் முன்கூட்டியே ஆயுத பூஜை வைத்தார்கள். பறிமுதல் செய்த கருவிகளை வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். எம்.ரெட்டியபட்டியில் பிடிபட்ட புட்டுக்குழலுக்குக்கூட மாலை கிடைத்தது. ஆனால் ஆரத்தி காட்டக் கற்பூரம் இல்லை. ஊரிலேயே இல்லை. ஜீப் மறுபடியும் பாளையம்பட்டிக்குப் போய், கஸ்தூரியைத் தூள் டப்பாவோடு ஏற்றிக்கொண்டு வந்தது.

அவள் கைப்பிடியை இழுத்தாள். வில்லை விழுந்தது, எரிந்தது. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"இப்ப இது கற்பூரமா, மாத்திரையா சார்?"

"பூஜை முடியுற வரைக்கும் கற்பூரம்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து ராஜகுருவுக்கே மனசு கேட்கவில்லை. சாமி கும்பிட்ட கையோடு ஒரு வழியும் தோன்றியது.

"ஏம்மா, உன் வில்லையில மருந்து இருந்தா அது போலி இல்ல. போலி இல்லைன்னா என் பிரிவுக்குள்ளயே வராது. மிஷினைத் தூக்கிட்டுப் போயிரலாம். லைசென்ஸ் இல்லாம மருந்து செஞ்சதைக் கேக்குறது வேற பிரிவு. அதுல ஆளே போடல."

சொன்னதோடு நிற்காமல், சட்டைப்பையிலிருந்த தலைவலி மாத்திரைகளில் சிலவற்றைத் தாமே எடுத்துக் கொடுத்தார். பெரிய கடையில் பில் போட்டு வாங்கியவை. கஸ்தூரி அவற்றைப் பொடித்துத் தூளோடு கலந்து நாலு வில்லை அமுக்கினாள். 'மிக அவசரம்' என்று எழுதி ஆய்வுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அறிக்கை வந்தது.

'மேற்படி வில்லைகளில் மருந்து எதுவும் இல்லை.'

ராஜகுரு திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சார், அது நீங்க குடுத்த மாத்திரைல்ல?"

அவர் அறிக்கையின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"அதைச் செஞ்ச மிஷினை எப்ப சார் பிடிப்பீக?"

"அதுக்கு முறையா லைசென்ஸ் இருக்கும்மா" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தலை வலிக்குது." பழக்கம் விடுமா? கை தானாகப் பைக்குள் போனது. ஒன்றை விழுங்கினார். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது. கோப்பை மூடிவிட்டு, அழுதுகொண்டு நின்ற கஸ்தூரியிடம் மாத்திரை அட்டையை நீட்டினார்.

"மிஷினை மறந்துரு. உனக்கும் தலை வலிக்கும், ஒண்ணு போட்டுக்க."

மதார் சாகிபு கடையில் மதுரைச் சரக்கு இறங்கிக்கொண்டிருப்பதை நினைக்க நினைக்க அவளுக்குத் தலை தெறித்தது. வாங்கிப் போட்டுக்கொண்டாள். டவுன் பஸ் பாளையம்பட்டி வருவதற்குள் அவளுக்கும் வலி விட்டிருந்தது.