கருப்பிக்காகச் சொல்லும் பிரார்த்தனை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அம்மா, நான், மாடு மூவரும் நலம். அப்பாவும் நலம்தான், சாமியோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். நான் நம்புகிற ஒரே விஷயம் அதுதான்.

"சாமி இல்லேன்னு நீ பேசிப் பேசித்தான் அப்பா மனசு விட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தாய். அபாண்டம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பெரிய பண்ணைக்காரர் மதகை அடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். நம்முடையது பதராகிப் போனது. அப்பா கோபித்துக்கொண்டதோ சாமியிடம். "அடைச்சது அந்தாளு, அவரப் போய்க் கேளுங்கப்பா" என்றேன். "அவரக் கேட்டா அடுத்த போகத்துக்கும் தண்ணி வராது. சாமியத் திட்டினா யாருடா வந்து கேக்கப்போறா?" என்றார். மறுநாளே பிரார்த்தனை நின்றது, அதோடு பாலும் நின்றது. முதல் ஈற்றிலிருந்தே அப்பா பிரார்த்தனையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் கருப்பியைக் கறப்பார். அது காதில் விழாமல் மகராணி பால் விடமாட்டாள். பிரார்த்தனை வரிகள் தெரியாத அம்மா சினிமாப் பாட்டுப் பாடிப் பார்த்தாள். நான் ரேடியோவில் செய்தி வைத்தேன், விட்டாள் ஒரு உதை, வாளி என் முழங்காலில். மாட்டு டாக்டர் வந்து, "முன்ன செஞ்சதையே செய்யுங்க தம்பி. பால் தங்கி மடி கட்டிக்கிட்டா அப்புறம் மாடு தேறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவோ, "நான் சொல்லமாட்டேன், எனக்கும் ரோஷம் இருக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். வீட்டில் மிச்சமிருந்த பக்திமான் நான்தான்! உட்கார்ந்தேன். "கொடுப்பவன் நீ, காப்பவன் நீ" என்றேன். வாளி நிரம்பிவிட்டது அக்கா. "எடுத்தாலும் உன் விருப்பம்" என்ற மூன்றாவது வரியை மட்டும் விழுங்கிவிடுவேன். பண்ணைக்காரர் எடுத்ததற்கு நான் ஏன் சாமியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்? கருப்பிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

ஆகவே ஊரெல்லாம் "தம்பி திருந்திட்டான்" என்று சொல்லித் திரியாதே. இது முழுக்க முழுக்க மாட்டுக்காக. பால் வற்றிய அன்றே நிறுத்திவிடுவேன்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, சாமியும் இல்லை. நீயே நன்றாக இருந்துகொள்.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் மூன்று வாரம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. கருப்பி சினை, பால் வற்றி எட்டு நாளாகிறது. இன்று காலையும் வாளிகூட இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியை விழுங்கி நிறுத்தியபோது தொழுவச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "ஏன்டா நிறுத்திட்ட? மேல சொல்லு. அந்த வரிய இப்ப நானும் விட்டுட்டுத்தான் சொல்றேன்."