மூன்றாம் விதியும் கொலின்ஸின் கைகளும்

சொந்த மைத்துனனை வட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கி வெளியே போட்ட அன்று, குருநகர் கொலின்ஸ் வழக்கத்தைவிட ஒரு குழல் பிட்டுக் கூடுதலாகச் சாப்பிட்டார். நீதி செய்தவருக்குப் பசி கூடத்தானே செய்யும்.

படகு எஞ்சின் திருத்துகிறவர்களுக்கென்று அவரே தொடங்கிய குழு அது. பருத்தித்துறையிலிருந்து பேசாலை வரை இருநூற்று நாற்பத்தொரு மெக்கானிக்குகள். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினுக்குக் கரையில் இருந்தபடியே வைத்தியம் சொன்ன குழு. ஆனால் தொடக்கத்தில் அது சந்தையாகத்தான் கிடந்தது. ஒருவன் எஞ்சின் காபரேற்றர் அடைப்பைப் பற்றிக் கேட்பான். பதிலுக்கு ஒரு காணி விற்பனை வரும், ஒரு கலியாண மண்டபம் வரும், முடி வளர்க்கும் எண்ணெய் வரும். எண்ணெய்க்கு மட்டும் நாற்பது பேர் விபரம் கேட்டார்கள். காபரேற்றர்காரனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றுதான் கொலின்ஸ் மூன்று விதிகளை எழுதினார். ஒன்று, தொழில் கேள்வி கேட்டால் தெரிந்தவர் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டு, காலை வணக்கப் படம் போடக் கூடாது. மூன்று, விளம்பரம் கூடவே கூடாது. போட்டவர் யாராக இருந்தாலும் அந்தக் கணமே வெளியே. மைத்துனன் ஜெரிசன் தன் கடைச் சாமான்களின் படம் ஒன்றைப் போட்டான். போனான். கடற்கரை முழுக்க அதுதான் கதை. கொலின்ஸுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

மனைவி கிறிஸ்ரினா, தம்பியைத் துரத்தியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசாமல் பிட்டை வைத்தாள். அதற்குத்தான் அவர் பயந்திருக்க வேண்டும்.

கிறிஸ்ரினா ஒரு பசை செய்வாள். கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்து கதவு, சுவர், தலையணை எல்லாவற்றிலும் மனுசன் அடையாளம் பதித்ததில், ஆத்திரம் தாங்காமல் அவளே கண்டுபிடித்த பசை. சவர்க்காரச் சீவல், தேசிக்காய்த் தோல், தவிடு, இன்னும் அவள் வாய் திறந்து சொல்லாத ஏதோ ஒன்று. தேய்த்துக் கழுவினால் கை மாப்பிள்ளைக் கை ஆகிவிடும். இருபது வருடமாக அதற்கு ஒரேயொரு வாடிக்கையாளர்தான்.

“இஞ்சாருங்கோ, உங்கடை குழுவிலை இருநூறு பேர் கிரீஸ் கையோடை நிக்கினம். என்ரை பசையைப் பற்றி ஒரு வரி போட்டால் என்ன?”

“அது விளம்பரம்.”

“அவையளுக்குப் பிரயோசனமான சாமான்.”

“பிரயோசனமான விளம்பரம்.”

“ஒயிலை மாத்துங்கோ எண்டு நீங்கள் அங்கை சொல்லுறியள். அது ஒயில்காரனுக்கு விளம்பரம் இல்லையோ?”

கொலின்ஸ் யோசித்தார். பதில் வராத இடத்தில் புருசன்மார் செய்வதை அவரும் செய்தார். குரலை உயர்த்தினார்.

“கேட்டால் சொல்லுறது அறிவு. கேளாமல் சொல்லுறது விளம்பரம். விளங்குதே?”

“ஓம்,” என்றாள் கிறிஸ்ரினா. “இப்ப வடிவாய் விளங்குது.”

வென்றுவிட்டோம் என்று கொலின்ஸ் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை, எஞ்சின் பிளக்கைக் கழற்றிப் பூட்டும் முறையைக் காணொளியாக எடுத்துக் குழுவில் போட்டார். பாராட்டு மழை. நடுவில் பேசாலை மெக்கானிக் ஜெயசுதனின் குரல்பதிவு வந்தது.

“கொலின்ஸ் அண்ணை, ஒரு தொழில் கேள்வி. கிரீஸ் கையாலை பிடிச்சால் பிளக் வழுக்குது. உங்கடை கை மட்டும் உப்பிடித் துப்புரவாய் இருக்குதே, என்னெண்டு? முதலாம் விதிப்படி ஒளிக்காமல் சொல்லுங்கோ.”

அண்ணை என்று கூப்பிட்டு, கையையும் புகழ்ந்து, தான் எழுதிய விதியையும் எடுத்துச் சொன்னால் எந்தத் தலைவன் தாங்குவான்? கொலின்ஸ் ஒன்பது நிமிடம் பேசினார். என்ரை மனுசி செய்யிற பசை, உலகத்திலை உதுக்கு நிகர் இல்லை, இருபது வருசமாய்ப் பாவிக்கிறன், என்ரை கையே சாட்சி என்றார். எங்கே எடுக்கலாம் என்று ஜெயசுதன் கேட்டான். அதுவும் கேள்விதானே. வீட்டு இலக்கத்தையும் கிறிஸ்ரினாவின் தொலைபேசி எண்ணையும் சொன்னார்.

அனுப்பிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, நெடுந்தீவு மெக்கானிக் ஒருவர் பணிவாக எழுதினார்: ‘அண்ணை, மூண்டாம் விதி?’

கொலின்ஸின் கை மீசையில் நின்றது. மெல்லக் குசினிப் பக்கம் போனார். கிறிஸ்ரினா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“உந்த ஜெயசுதனை உனக்குத் தெரியுமே?”

“தெரியாமல்? போன கிழமை ஒரு போத்தில் பசை குடுத்துவிட்டனான். கேட்டால் சொல்லுறது அறிவு எண்டியள். அதுதான் கேக்கச் சொன்னனான்.”

கொலின்ஸ் தொலைபேசியை எடுத்துத் தன் ஒன்பது நிமிடப் பேச்சைத் தேடினார்.

“அழிச்சுவிடுங்கோவன்,” என்றாள் அவள்.

“எல்லாரும் கேட்டிட்டாங்கள்.”

“அப்ப விதியை மாத்துங்கோ.”

“மைத்துனனைக் கலைச்சுப்போட்டு எனக்கெண்டு மாத்தினால், நான் பிறகு கடற்கரையிலை என்னெண்டு முகம் காட்டுறது?”

அந்த மானம்தான் பெரிது. கொலின்ஸ் பெருமூச்சு விட்டார், சட்டைப் பொத்தானைப் பூட்டினார், குழுவுக்குக் கடைசி உரையை ஒலிப்பதிவு செய்தார். விதி எல்லாருக்கும் ஒன்று, எழுதினவனுக்கும் அதுதான் என்றார். முதலாம் விதியை இலக்கத்தோடு எடுத்துச் சொன்ன ஆள் என்பதால் ஜெயசுதனிடம் பொறுப்பைக் கொடுத்தார். தன்னைத் தானே வெளியேற்றினார். வெளியேறும்போது அவருக்கே கண் கலங்கியது. இப்படியொரு மனுசன் இந்தக் கரையில் பிறந்ததில்லை என்று பட்டது.

திரும்பி வரச் சொல்லி இருநூற்று நாற்பது பேரும் அழைப்பார்கள் என்று வெள்ளிக்கிழமை முழுக்கத் தொலைபேசியை மடியிலேயே வைத்திருந்தார். அது மூச்சுக் காட்டவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிறிஸ்ரினாவின் தொலைபேசி ஓயாமல் சிணுங்கியது. ஜெயசுதன் வாக்கெடுப்பு வைத்தானாம். தொழிலுக்கு உதவுகிற விளம்பரம் சனிக்கிழமைகளில் மட்டும் போடலாம் என்று முடிவாம். ஜெரிசனை உள்ளே எடுத்தாயிற்று. பசைக்காரி கிறிஸ்ரினாவையும் எடுத்தாயிற்று.

கொலின்ஸ் தவிட்டைச் சலிக்கிற சாட்டில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

“என்னைப் பற்றி என்ன கதைக்கினம்?”

கிறிஸ்ரினா தொலைபேசித் திரையை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். “முந்நூறு செய்தி கிடக்கு. உங்கடை பேர் ஒரு இடத்திலை வருது.”

கொலின்ஸ் நிமிர்ந்து இருந்தார். “வாசி பாப்பம்.”

“‘கொலின்ஸ் அண்ணை கை கழுவுற பசை, பெரிய போத்திலிலை இருக்கோ?’ எண்டு ஒராள் கேக்குது.”