விதை மூட்டைக்குப் போட்டுவிட்ட சட்டை

துணி துவைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்த நாளில் துவைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் வித்தை. இருபத்தாறு வயதில் எனக்கு அது தெரியாது. ஐப்பசி அடைமழையில், மறுநாள் பெண் பார்க்கப் போக வேண்டும் என்கிற நிலையில், இருந்த ஒரே நல்ல சட்டையைத் துவைத்து, அதற்குக் கஞ்சியும் போட்ட புத்திசாலி நான். (சட்டை விறைப்பாக நின்றால் நானும் கொஞ்சம் விறைப்பாகத் தெரிவேன் என்று நினைப்பு.)

கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். அந்த வாரம் ஐந்து நாளாக வெயில் தலைகாட்டவில்லை. கூடத்தில் ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணி வரைக்கும் அம்மா நாலு கொடி கட்டியிருந்தாள். டிவி பார்க்க வேண்டுமானால் அப்பாவின் வேட்டிக்கும் அம்மாவின் பாவாடைக்கும் நடுவே தலையை நீட்ட வேண்டும். கரண்ட் இருந்த நேரத்தில் ஃபேன் ஓடியது. அது ஒரு துணியின் ஈரத்தை அடுத்த துணிக்குப் பங்கு வைத்ததே தவிர, எதையும் காயவைக்கவில்லை. வீட்டில் காய்ந்திருந்த ஒரே மேல்சட்டை என் கபடி பனியன். முதுகில் ஏழு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேராவூரணியிலிருந்து வந்த தேன்மொழியின் போட்டோவை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு நாற்பது தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடமும் போய்விட்டால் என்ன செய்வது என்று உண்மையிலேயே பயமாக இருந்தது.

சாயங்காலம் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் இருந்த ஈரம் அப்படியே இருந்தது. கஞ்சி வேறு லேசாகப் புளிக்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் பின்கட்டில் இருந்த விதை மூட்டை கண்ணில் பட்டது. இரண்டாம் போகமான தாளடிக்கு நாற்று விட, விதை நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போர்த்தி, கல்லை வைத்து அப்பா மூட்டம் போட்டிருந்தார். முளை விடும்போது மூட்டைக்குள் சூடு கிளம்பும். கையை நுழைத்துப் பார்த்தேன். அடுப்படி மாதிரி கதகதவென்று இருந்தது. ஊரே வெயிலுக்கு ஏங்கும்போது எங்கள் வீட்டுக்குள் இவ்வளவு சூடு வீணாகிறதே என்று தோன்றியது. வைக்கோலை விலக்கினேன். சட்டையைச் சுருக்கம் இல்லாமல் சாக்கின்மேல் விரித்தேன். மறுபடி வைக்கோலைப் போர்த்தி, கல்லையும் வைத்துவிட்டு, உலகத்துக்கே ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு படுத்தேன்.

விடியற்காலையில் அப்பாவின் குரல்தான் எழுப்பியது.

"யாருடா விதை மூட்டைக்குச் சட்டை போட்டுவிட்டது?"

"மழைக்குக் குளிருமேன்னு போட்டிருப்பான்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டை காயவில்லை. வெந்திருந்தது. வெளிர்நீலம் போய் முதுகு முழுக்க வைக்கோல் மஞ்சள். இதற்கெல்லாம் மேலே, நெல் சாக்கைத் துளைத்து முளைவிட்டு, என் சட்டையிலும் வேர் பிடித்திருந்தது.

"அது ஈரத்துல கெளம்புற சூடுடா, குமாரு. அதுல துணி எப்படிக் காயும்?" என்று அப்பா மூட்டையைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, விதைக்கு ஒண்ணும் ஆவல."

(என்னைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.)

உட்கார்ந்து முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கரண்ட் வந்ததும் அயர்ன் பண்ணினேன். பெட்டி பட்டதும் சட்டையிலிருந்து ஆவி கிளம்பி, வீடு முழுக்க நெல் அவிக்கிற வாசனை. அப்பாவின் சட்டை எனக்குப் பாதிக் கைதான் நுழையும். கபடி பனியனா இதுவா என்று யோசித்து, இதையே மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன்.

பெண் வீடு தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. முதுகு தெரியக் கூடாது என்று உள்ளே போனதும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"எங்கயோ நெல்லு அவிக்கிற வாசம் வருதுல்ல? இங்க யாரும் அவிக்கிறதில்லையே."

எனக்கு வியர்த்தது. அப்பா அசையவே இல்லை. "நெல்லு வெளையிற ஊருங்க எங்களுது. எங்க போனாலும் கூடவே வந்துரும்" என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார்.

பிறகு என்னையும் தேன்மொழியையும் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லிக் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் ஞாபகம் வரவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"உங்க சட்டைப் பையில ஏதோ மொளைச்சிருக்குங்க."

குனிந்து பார்த்தேன். பையின் ஓரத்தில் வெள்ளை வேரோடு ஒரே ஒரு முளை. காலையில் எப்படியோ தப்பியிருக்கிறது. ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். முழு உண்மையும் வந்துவிட்டது.

"கஞ்சி வேற போட்டீங்களா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பு, கூடம் வரை கேட்டிருக்கிறது. "ஏங்க, மழை விட்டப்புறம் வந்திருக்கலாம்ல?"

"அதுக்குள்ள வேற யாராவது வந்து பார்த்துட்டுப் போயிட்டா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சம்மதம் என்று போன் வந்துவிட்டது.

கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு மடக்குகிற ஸ்டீல் கொடி ஸ்டாண்டு ஒன்றும் வந்து இறங்கியது. "மாப்பிள்ளை சட்டைக்கு" என்றார் மாமனார். பீரோவை விட்டுவிட்டுத் தெருவே அதைத்தான் வந்து பார்த்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மூட்டம் போட்டுக் கல்லை வைக்கும் முன் அப்பா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "குமாரு, காயப்போடத் துணி ஏதாச்சும் இருக்கா?" பதினோரு வருஷம், ஒரு தடவைகூட விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வரும்.

போன மாசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். இந்த ஐப்பசியில் முதல் தடவையாக நானே மூட்டம் போட்டேன். வெளியே மழை. ஸ்டாண்டு நிறைய ஈரத் துணி. வைக்கோலைப் போர்த்திவிட்டுக் கல்லைத் தூக்கியவன், ஏனோ வைக்காமல் அப்படியே நின்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த தேன்மொழி, ஸ்டாண்டிலிருந்து என் சட்டை ஒன்றை உருவிக்கொண்டு வந்து பின்கட்டு வாசலில் நின்றாள்.

"குமாரு, காயப்போடத் துணி ஏதாச்சும் இருக்கா?"

அப்படியே அப்பாவின் இழுப்பு. சிரித்தேன். கண்ணைத் துடைக்க அந்தச் சட்டையைத்தான் வாங்கினேன். அது இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.