அழியாப் பூச்சுக்கு மாற்று

விமானக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். முப்பதாயிரம் அடி உயரத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாமல் இருப்பதற்கு அந்த வளையம் பொறுப்பு. அந்த வளையத்துக்கு எங்கள் தொழிற்சாலை பொறுப்பு. குளிரில் வெடிக்காமலும் எண்ணெயில் ஊறாமலும் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு பூசுவோம். பூச்சுக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பெயர் உண்டு. தொட்டியில் 'ஏழாம் எண்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

ஏழாம் எண்ணின் பெருமை அது சாகாது என்பதுதான். தண்ணீரில் கரையாது, தீயில் வேகாது, மண்ணில் மக்காது. வரவேற்பறையில் இருபது வருடமாக ஒரு பலகை தொங்கியது: 'எங்கள் பூச்சுக்கு அழிவில்லை.'

பிறகு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அழிவில்லாத அந்தப் பொருள் கழிவுநீரிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து மனிதர்களுக்கும் போய், போன இடத்திலெல்லாம் குடியேறிவிடுகிறதாம். ஆகவே ஓராண்டுக்குள் மாற்றுப் பொருள் காணவும். உடனே பலகையைக் கழற்றினோம். அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மற்றதற்காக ஒரு குழு அமைக்கப்பட்டது.

தலைவர், பொது மேலாளர். உறுப்பினர், எங்கள் கெமிஸ்ட். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாதிரிக் குப்பி இருப்பதால் எல்லோருக்கும் அவர் 'குப்பி'. கூட்டக் குறிப்பு எழுதுவது நான். அதிகம் பேசமாட்டேன் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்.

குழுவில் இல்லாத ஒருத்திதான் அதன் முடிவுக்காகக் காத்திருந்தாள்: பூச்சுப் பிரிவு அக்கா. ஒன்பது வருடமாகத் தொட்டியருகே நிற்கிறவள். அப்போது ஐந்து மாதம். ஏழாம் எண் தாய்ப்பாலிலும் இறங்கும் என்று மருத்துவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

"லீவு முடிஞ்சு நான் திரும்பி வர்றப்போ அந்தத் தொட்டியில வேற ஏதாவது இருக்கணும்டி. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் என்னிடம். நான் குழுவா? தலையை ஆட்டினேன்.

குப்பி அதற்கு முன்பே சத்தமில்லாமல் ஒரு மாற்றைத் தயாரித்து வைத்திருந்தார். தலைவரும் ஒரு படிவம் தயாரித்திருந்தார். நாற்பது கேள்விகள். மாற்றுப் பொருள் ஒவ்வொன்றிலும் பழையதற்கு இணையாக இருக்க வேண்டும். குளிர், வெப்பம், எண்ணெய், இழுவை என்று முப்பத்தொன்பதில் குப்பியின் பூச்சு தேறியது. நாற்பதாவது, மண்ணில் புதைத்துவைக்கும் சோதனை. ஆறு வாரம் கழித்துத் தோண்டினோம். பழையது புதைத்தபடியே இருந்தது. புதியதைக் காணவில்லை.

"தோல்வி" என்றார் தலைவர்.

"சார், மண்ணுல மறையணும்னுதானே மாத்தறோம்?" என்றார் குப்பி.

"அது நோக்கம்ங்க. இது படிவம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அப்போ அந்தக் கேள்வியை எடுத்துடலாமே?"

"எடுத்தா முப்பத்தொன்பதுதான் இருக்கும். மேலே நாப்பதுன்னு எழுதி அனுப்பியாச்சு."

அன்று அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டாள். இதற்குள் ஏழு மாதம்.

"சார், என் ரத்தத்துல அது இருக்கு. ரிப்போர்ட் கொண்டுவந்திருக்கேன்."

தலைவர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். ரிப்போர்ட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "இருக்குங்கறீங்க. ஒத்துக்கறேன். ஆனா இல்லாத ஒருத்தர் ரத்தத்தோட வச்சுப் பாத்தாத்தானே இதுக்கு அர்த்தம்? இல்லாதவரைத் தேடுவோம்."

அளவு எழுதினால் குழப்பம் வருமென்று பரிசோதனைத் தாளில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள் வைக்கப்பட்டன. முதலில் தலைவரே சட்டைக் கையை மடித்தார். "பத்து வருஷமா அந்தப் பிரிவுப் பக்கம் தலை வச்சுப் படுத்ததில்ல. என்னைவிடச் சுத்தமான ஆள் கிடையாது."

உண்டு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பிறகு யாரைக் குத்தினாலும் அதுவே வந்தது. வாசல் காவலாளி, உண்டு. மூன்று நாளுக்கு முன் சேர்ந்த தட்டச்சாளர், உண்டு. இதை விசாரிக்க மேலிடத்திலிருந்து வந்த ஆய்வாளர், ஊற்றுநீர் பாட்டிலைத் தவிர வேறெதிலும் வாய் வைக்காதவர், அவருக்கும் உண்டு. எனக்கும்.

"தொழிற்சாலைக்குள்ள காலே வைக்காத ஆள் வேணும்" என்றார் ஆய்வாளர். எல்லோருடைய பார்வையும் மெதுவாக அக்காவின் வயிற்றில் போய் நின்றது.

"நல்ல யோசனை" என்றார் தலைவர். "வெளிநபர். விருப்பு வெறுப்பு இல்லாதவர்."

"அது என் பிள்ளை சார்!"

"அதனாலதாங்க நம்பிக்கையா இருக்கும்."

அக்கா குப்பியைப் பார்த்தாள். குப்பி மேசையைப் பார்த்தார். கடைசியில், பிள்ளைக்கு இல்லையென்று வந்தால் தொட்டியில் இருப்பதை மாற்றிவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தாள்.

பெண் குழந்தை. தொப்புள்கொடி ரத்தம் மருத்துவமனையிலிருந்தே சோதனைக்குப் போனது. ஒரு வாரத்தில் தாள் வந்தது.

உண்டு.

குழு கூடியது. தலைவர் சோகமாக இருப்பார் என்று நினைத்தேன். அவரோ படிவத்தில் 'மனித ரத்தத்தில் காணப்படுகிறதா?' என்று நாற்பத்தொன்றாவது கேள்வியைச் சேர்த்துவிட்டு வந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய தீர்மானம் இது:

'ஏழாம் எண், சோதிக்கப்பட்ட அனைவரின் ரத்தத்திலும், அன்று பிறந்த சிசு உட்பட, காணப்படுகிறது. ஆகவே அது மனித உடலுக்கு இயல்பான பொருளாகும். மாற்றுப் பூச்சோ யாருடைய ரத்தத்திலும் காணப்படவில்லை. ஆகவே அது மனித உடலுக்கு அந்நியமானது. அந்நியப் பொருளைத் தொழிலாளர்மீது திணிக்க இக்குழுவுக்கு மனம் வரவில்லை.'

ஆய்வாளர் "மனிதாபிமானம்" என்று தலையசைத்தார். குப்பி சட்டைப்பையிலிருந்த குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், மறுபடி பையில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அந்தத் தீர்மானத்தைக் காட்டுடி."

கோப்பைத் திறந்து கொடுத்தேன். ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே, மறு கை விரலால் வரிவரியாகப் படித்தாள். 'அந்நியமானது' என்ற இடத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து படித்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் விரல் கடைசி வரிக்கு வந்தது. அது தலைவர் சொல்லாமலே வழக்கப்படி நானாக எழுதியது: 'ஆட்சேபம் தெரிவித்தவர்: எவருமில்லை.'

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் அங்கதானடி இருந்த?"