ஆண் வாரிசு உருவாக்கக் கோப்பு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயரும் தெரியாது. ஆனால் இன்னும் கருவாகாத பிள்ளை ஆணாகத்தான் பிறக்க வேண்டும் என்று முறைப்படி கோப்பு திறந்த முதல் மனிதரின் பெயர் நமக்குத் தெரியும். சி. அர்த்தநாரி, உதவியாளர், கொல்லிமலைச் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்கக் கூடாது. பெருமையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

சொந்த ஊர் திருச்செங்கோடு. உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் பெயரை முப்பத்தெட்டு வருடமாகச் சுமந்தும் அதனால் எந்தப் பாதிப்பும் அடையாதவர். ஜனவரிதோறும் பெண் குழந்தைகள் நாள் விழாவில் அலுவலகத்தின் சார்பில் பேசுவது அவர்தான். தாளில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். ஒருமுறை 'அடுத்த பக்கம் பார்க்க' என்பதையும் தழுதழுத்த குரலில் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அப்படியொரு நேர்மை.

வீட்டில் மனைவி சங்கீதா, இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும், அர்த்தநாரியின் பார்வையில், முன் அனுமதி பெறாமல் வந்தவை. ஞாயிறுதோறும் திருச்செங்கோட்டிலிருந்து அவருடைய அம்மா பாப்பாத்தி போனில் கேட்பார்: "நாளைக்குக் கொள்ளி வெக்க ஒருத்தன் வேண்டாமா சாமி?" மகனின் கொள்ளிக்கு இத்தனை வருடம் முன்பே ஆள் ஏற்பாடு செய்யும் தொலைநோக்கு எந்தத் துறையிலும் அபூர்வம்.

சட்டச் சிக்கலையும் அவர் யோசிக்காமல் இல்லை. கருவில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவது குற்றம் என்று அவருடைய மேசைக்கு நேர் மேலே சுவரொட்டி இருந்தது. ஒட்டியவரும் அவர்தான். அதை மூன்று முறை படித்துவிட்டுத் தெளிந்தார். கருவில் 'இருக்கும்' குழந்தைதானே? இது இன்னும் இல்லையே. கோப்புக்கு எண் போட்டார்.

முதல் கட்டம் 'வாரிசு வழிகாட்டி' என்ற வாட்ஸ்அப் குழுவின் ஆலோசனைப்படி நடந்தது. இரட்டைப்படைத் தேதி. வளர்பிறை. கிழக்கே தலை. மனைவி தினமும் ஆறு வாழைப்பழமும், உப்புத் தூக்கலாக உருளைக்கிழங்கும் சாப்பிட வேண்டும். பால், கேழ்வரகு, கீரை மூன்றும் பெண் தன்மை உடையவை, ஆகவே தள்ளுபடி. கணவரின் கடமை, உரிய நேரத்துக்குச் சற்று முன் ஒரு டம்ளர் காபி குடிப்பது. அர்த்தநாரி தம் கடமையில் ஒருநாளும் குறை வைக்கவில்லை.

"ஏனுங்க, எந்திரிச்சா தலை சுத்துதுங்க" என்றாள் சங்கீதா.

"உடம்பு மாறுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, கோப்பில் 'முன்னேற்றம் காணப்படுகிறது' என்று எழுதினார்.

கிராமச் சுகாதாரச் செவிலியர் ரோஸ்லினுக்கு முன்னேற்றத்தில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு வந்து, சங்கீதாவின் கண்ணிமையை இறக்கிப் பார்த்து, விரலில் குத்திச் சோதித்தார்.

"சார், ரத்தம் ஏழரைதான் இருக்கு. ரெண்டு பிரசவமும் ஆபரேஷன். மூணாவது வேண்டாம், உயிருக்கு ஆபத்துன்னு பெரிய டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க. நீங்க கீரையை நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"அது பெண் தன்மைங்க."

"ஆணா பொண்ணாங்கறது ஆம்பளைகிட்டருந்து வர்றது சார். பத்தாங் கிளாஸ் பாடத்துலயே இருக்கு. அக்கா வாழைத்தோப்பையே தின்னாலும் ஒண்ணும் மாறாது."

அர்த்தநாரி நிதானமாகக் கேட்டார்: "அதுக்கு அரசாணை நகல் ஏதும் இருக்குதுங்களா?"

நகல் இல்லை. ரோஸ்லின் போகும்போது சங்கீதாவின் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் கட்டத்துக்கு வழி காட்டியவர் அலுவலக உதவியாளர் ஆல்பர்ட். "வளப்பூர் நாட்டுல செங்கோடன்னு ஒருத்தர் சார். ஜாதிக்காய்க் கன்னு வெக்கிறப்பவே ஆணா பொண்ணான்னு அவரே முடிவு பண்ணிடறார். நூத்துக்கு நூறு. மத்தவங்க ஏழு வருஷம் காத்திருந்து பூ பூத்தப்புறம்தான் தெரிஞ்சுக்கணும்."

ஜாதிக்காய்க்கு முடிகிறதென்றால் நம் ஜாதிக்கு முடியாதா என்று அர்த்தநாரி கேட்டுக்கொண்டார். உலகின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான் பிறந்திருக்கும். சனிக்கிழமை காலை வளப்பூர் பேருந்தில் சங்கீதாவை ஜன்னலோரம் உட்கார வைத்து அழைத்துப் போனார். ஏறி இறங்கிய ஒவ்வொரு வளைவிலும் அவள் வாழைப்பழத்தைத் திரும்ப ஒப்படைத்துக்கொண்டே வந்தாள்.

செங்கோடன் மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி தம் வருகையின் நோக்கத்தை விளக்காமல், தொழில்நுட்பத்தை மட்டும் முதலில் கேட்டார். ரகசியக் கோப்புகளைக் கையாண்ட பழக்கம்.

"அது பெரிய வித்தை இல்லீங்க சார்" என்றார் செங்கோடன். "காய்க்கிற மரத்துக் குச்சிய எடுத்து நாத்துல ஒட்டுக் கட்டிருவனுங்க. அப்புறம் அத்தனையும் பொட்டைதான்."

பொட்டை என்ற சொல்லை ஒருவர் இவ்வளவு பெருமையாகச் சொல்லி அர்த்தநாரி கேட்டதில்லை. "ஆணு வேணுமின்னா?"

"ஆணு எதுக்குங்க?" செங்கோடனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏழு வருசம் தண்ணியும் எருவும் தின்னுபோட்டு, பூத்துட்டு சும்மா நிக்குமுங்க. தோட்டத்துக்கு ஒண்ணு இருந்தாப் போதும், மகரந்தத்துக்கு."

"மிச்சம்?"

"வெட்டிருவமுங்க."

அர்த்தநாரி தோட்டத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்தது. பிறகு எழுந்தார். "என்ன அநியாயம் இது? ஆணாகப் பிறந்தது அதன் குற்றமா? அதுவும் ஓர் உயிர் அல்லவா? பயன் கருதி ஓர் உயிரை வேண்டாம் என்று ஒதுக்குபவன் மனிதன்தானா? முளையிலேயே கிள்ளி எறிய நமக்கு உரிமை தந்தது யார்?"

கண்ணில் நீர் தளும்பியது. சங்கீதாவுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். ஜனவரிதோறும் குளியலறையில் ஒத்திகை பார்ப்பாரே, அதே பேச்சு. பெண் இருந்த இடத்தில் ஆண் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அழுதது இப்போதுதான்.

"சார் நல்லாப் பேசறாருங்க" என்றாள் செங்கோடனின் மனைவி பொன்னம்மாள். பிறகு சங்கீதாவைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. ஊட்டுக்குள்ள வா. கேப்பக்களி இருக்குது, கீரைக் கடைசல் இருக்குது."

தள்ளுபடிப் பட்டியலில் இருந்த இரண்டையும் சங்கீதா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு சொம்பு பாலும் குடித்தாள். கை கழுவிவிட்டு வெளியே வந்து கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, அந்த ஒரு ஆண் மரத்த எதுவுமே பண்ண மாட்டீங்களா?"

"அது பாட்டுக்கு நின்னா நிக்கட்டும் அம்முணி. காய்க்கிற மரத்து மேல சாஞ்சு அமுக்குச்சுன்னா, அதுக்கும் அருவாதான்."

திரும்பும் பேருந்தில் சங்கீதாவுக்குக் குமட்டவே இல்லை. மறுநாள் காலை, கோப்பில் மூன்றாம் கட்டத்தைத் தானே எழுதிவிட்டதாகச் சொன்னாள். அர்த்தநாரி பூரித்துப்போனார். மனைவியின் பங்கேற்பு இல்லை என்பதுதான் திட்டத்தின் ஒரே குறை என்று அவரே நினைத்ததுண்டு.

கோப்பைத் திறந்தார். இரட்டைப்படைத் தேதி. வளர்பிறை. கிழக்கே தலை. போவதற்கு முன் ஒரு டம்ளர் காபி. அடியில் ரோஸ்லின் கொடுத்த படிவம். ஆண்களுக்கான குடும்ப நல அறுவைச் சிகிச்சை முகாம்.

"எனக்கா?" என்றார் அர்த்தநாரி. "ஆபரேஷனா? என் உடம்பு தாங்குமா?"

"பத்து நிமிச வேலைங்களாம். தையல்கூட இல்லீங்களாம். என்னைய ரெண்டு தடவ அறுத்தப்ப நீங்க கேன்டீன்லதானே இருந்தீங்க?"

"நமக்கு ஒரு பையன்..."

"தோட்டத்துக்கு ஆணு ஒண்ணு போதுமின்னு அந்தண்ணன் சொன்னாருங்கல்ல. நம்ம தோட்டத்துல நீங்க இருக்கறீங்க. அந்த ஒண்ணு சாஞ்சு அமுக்குனா என்னன்னும் சொன்னாருங்க. நான் சாகறதுக்கில்லீங்க. ரெண்டு புள்ளைகள வளக்கோணும்."

அர்த்தநாரி அரசு ஊழியர்களின் கடைசி ஆயுதத்தை எடுத்தார். படிவம் 'நிலுவையில்' வைக்கப்பட்டது. சங்கீதாவும் தன் பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் அறைக்குப் போனாள். திட்டமும் நிலுவையில் நின்றது.

பெண் குழந்தைகள் நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி, முன்வரிசையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் ரோஸ்லின், சங்கீதா, இரண்டு மகள்கள். அர்த்தநாரி தாளை விரித்தார். அந்த வருடத்துப் பேச்சைச் சங்கீதாதான் நல்ல கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்திருந்தாள். ஓர் எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியை எட்டும்போது குரல் வழக்கம்போல் தழுதழுத்தது.

"ஆகவே, பெண்ணைக் காப்போம், காப்போம் என்று கூறி முடிக்கிறேன். யாரிடமிருந்து என்ற விவரம் கீழே தரப்பட்டுள்ளது. சி. அர்த்தநாரி, உதவியாளர்."

ஒலிபெருக்கி நல்ல வேலை செய்தது. பேருந்து நிலையம் வரை கேட்டதாம். ரோஸ்லின்தான் முதலில் கை தட்டினார். பிறகு மைதானமே தட்டியது. அதிகாரிகளும் தட்டினார்கள், அவர்கள் எந்தப் பேச்சையும் கேட்பதில்லை.

அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கோப்பு இன்றும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விழா முடிந்த மறுவாரம் அர்த்தநாரி கையெழுத்திட்ட முகாம் படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. கடைசிப் பக்கத்தில் சங்கீதாவின் குறிப்பு:

'எதிரி பொதுமக்கள் முன்னிலையில் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டதால், கோப்பு முடிக்கப்படுகிறது.'